சவுரிமுத்து வீட்டில்தான் இருந்தார்

முடிச்சூரில் அந்த அடுக்குமாடி வீட்டு வாசலில் ஐஸ் பெட்டி வந்து இறங்கியபோது, யாருக்காக அது வந்ததோ அந்தச் சவுரிமுத்து உள்ளே உட்கார்ந்து பழைய கிரிக்கெட் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தார். முடிவு தெரிந்த மேட்ச்தான். இருந்தாலும் கடைசி ஓவரில் எழுந்து போவது அவருக்குப் பிடிக்காது. காலிங் பெல் அடித்து ஓய்ந்த பிறகுதான் லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தார்.

"யாருக்குப்பா இது?"

"சவுரிமுத்துன்னு ஒருத்தருக்குங்க. பாடி எந்த ரூம்ல கீது? பக்கத்துல பிளக் பாயின்ட் இருக்கா?"

"பிளக் பாயின்ட் கீது. ஆளும் கீறாரு. அதான்பா இப்ப சிக்கலு" என்றார் சவுரிமுத்து.

கொஞ்ச நேரத்தில் மாடிப்படி முழுக்க ஆள் சேர்ந்துவிட்டது. கூடுவாஞ்சேரியிலிருந்து அவருடைய தம்பி ரோஜா மாலையோடு வந்தார். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல், பாவம், கடைசிவரை கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். சிட்லபாக்கத்திலிருந்து மகள் ஜான்சி ஆட்டோவில் வந்தாள். பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு, விரலில் இருந்த சாக்பீஸ் தூளைக்கூடக் கழுவாமல், வழியெல்லாம் அழுதுகொண்டு வந்திருக்கிறாள். படியேறி வந்தவள், அப்பா கதவோரம் நின்று ஐஸ் பெட்டிக்காரரிடம் டீ சாப்பிடுகிறீர்களா என்று கேட்பதைப் பார்த்தாள். ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குக் கால் நிற்கவில்லை.

இவ்வளவுக்கும் காரணம் அந்த வீட்டு மருமகள் ஜீவிதா. அவள் பல்லாவரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பில் போடுகிறவள். அன்று காலை தாம்பரத்தில் ரயில் ஏறியதும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஜான்சியின் செய்தி வந்தது: 'அப்பா தொலைபேசியை எடுக்கவில்லை. எங்கே சென்றார்?' ஜான்சி வாட்ஸ்அப்பிலும் இப்படித்தான் எழுதுவாள், முற்றுப்புள்ளி கேள்விக்குறியோடு. ஜீவிதா ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகைக் கட்டைவிரலால் பதில் தட்டினாள், அனுப்பினாள், போனைப் பையில் போட்டாள். வேலையிடத்தில் பையை அலமாரியில் பூட்டி வைத்துவிட வேண்டும் என்பது விதி. அவள் போட்ட பதில் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது:

'நான் கிளம்பும்போது வீட்டில் தான் இறந்தார்.'

இருந்தார் என்றுதான் சாமி அவள் நினைத்தது! ஆனால் படித்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்? மாமனார் செத்துக் கிடக்க, மருமகள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு நிம்மதியாக வேலைக்குக் கிளம்பிவிட்டாள் என்றல்லவா ஆகிவிட்டது. புருஷன் பென்னிக்கு மறைமலை நகரில் உதிரிபாகக் கம்பெனி வேலை. அவன் பொண்டாட்டிக்கு அடித்தான், எடுக்கவில்லை; அப்பாவுக்கு அடித்தான், அது சார்ஜ் தீர்ந்து தலையணைக்கடியில் கிடந்தது. கூட வேலை செய்கிறவர்கள் நல்ல மனிதர்கள். அவன் பைக்கை எடுப்பதற்குள் ஐஸ் பெட்டிக்குச் சொல்லிவிட்டார்கள்.

சவுரிமுத்து விழுந்து விழுந்து சிரித்தார். பென்னியும் பயம் தெளிந்ததும் சிரித்தான். ஜான்சி மட்டும் சிரிக்கவில்லை. சாயங்காலம் ஜீவிதா வீட்டுக்கு வரும்வரை காத்திருந்தாள்.

"நான் சரியாத்தான்க்கா போட்டேன். கீபோர்டு மாத்திடுச்சு."

"கீபோர்டுக்கு எங்கப்பா மேல என்னடி கோபம்? உன் மனசுல ஓடினது கையில வந்துடுச்சு. அவ்ளோதான்."

முந்தின வாரம், சர்க்கரைக்காரரான மாமனார் மிக்சர் பாக்கெட்டைப் பூஜை அலமாரியில் மாதா படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தது தெரிந்து, ஜீவிதா ஜான்சியிடமே போனில் புலம்பியிருந்தாள். 'இவரோட மாரடிச்சு முடியலக்கா, என்னிக்குத்தான் எனக்கு விடிவுகாலமோ' என்றாள். வீட்டில் வயசானவர் இருக்கிற எந்தப் பெண்தான் இதைச் சொல்லவில்லை? ஆனால் ஜான்சி இப்போது அதையும் இதையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டாள். "அப்பா இனிமே எங்கூடவே இருக்கட்டும்" என்று அந்த ஞாயிற்றுக்கிழமையே அவரைச் சிட்லபாக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அவசரத்தில் அவர் பையோடு டி.வி. ரிமோட்டும் போய்விட்டது.

ஜீவிதாவுக்கு அழுகையாக வந்தது. அவளுக்கு ஜான்சி வெறும் நாத்தனார் இல்லை. இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் முடிச்சூர் முழுகியபோது, இடுப்பளவு தண்ணீரில் படகுக்காரனோடு சண்டை போட்டு உள்ளே வந்து அவர்களைக் கூட்டிக்கொண்டு போனவள் ஜான்சிதான். ஒரு மாதம் தன் வீட்டில் வைத்துக்கொண்டாள். மாற்றுப் புடவை இல்லாதவளுக்குத் தன் புடவைகளைக் கொடுத்தாள். ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு இரண்டு பேரும் ஊர்க்கதை பேசினார்கள். அப்பேர்ப்பட்டவள் இன்று தன்னை, ஒரு மனிதர் சாக வேண்டும் என்று காத்திருக்கிறவளாக நினைக்கிறாளே என்பதைத்தான் ஜீவிதாவால் தாங்க முடியவில்லை. மாமாவைக் கூட்டிப்போனதுகூடப் பரவாயில்லை. அக்கா அப்படி நினைக்கக் கூடாது.

வேலையிடத்தில் பக்கத்துக் கவுண்டரில் ஜோசலின் இருந்தாள். அந்தக் கீபோர்டை ஜீவிதாவுக்கு முதலில் போட்டுக் கொடுத்தவளே அவள்தான். 'சுண்டுவிரல்' என்று பேர். விளம்பரம் வராது, காசு கேட்காது, நாம் தட்டுவதை எங்கேயும் அனுப்பாது. வெவ்வேறு ஊரில் இருக்கிற நாலைந்து பேர், தங்கள் பிழைப்பு போக மிஞ்சின நேரத்தில் செய்து கொடுப்பது. உள்ளே எப்படிச் செய்திருக்கிறார்கள் என்பதையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம் என்று திறந்தே வைத்திருந்தார்கள். ஜீவிதாவுக்கு அது பிடித்துப்போய், ஈஸ்டருக்குக் கூடியபோது குடும்பத்தில் எல்லோர் போனிலும் போட்டுவிட்டிருந்தாள், ஜான்சி போன் உட்பட.

"இங்க உக்காந்து அழுதா ஆச்சா?" என்றாள் ஜோசலின். "செஞ்சவங்ககிட்டயே கேளுடி. தப்பு இருந்தா சொல்லுங்கன்னு அவங்களே ஒரு பக்கம் வச்சிருக்காங்க பாரு."

சாப்பாட்டு வேளையில் அந்தப் பக்கத்தைத் திறந்து ஜீவிதா எழுதினாள். பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தது ஒன்றும் வீண் போகவில்லை. அனுப்புநர், பெறுநர், பொருள், 'மதிப்பிற்குரிய ஐயா' எல்லாம் போட்டு, தாசில்தாருக்கு மனு எழுதுகிற மாதிரி எழுதினாள். 'நான் "கிளம்பும்போது வீட்டில்தான் இருந்தார்" என்று தட்டச்சு செய்தேன். தங்கள் விசைப்பலகை அதனை "இறந்தார்" என மாற்றிவிட்டது. இதனால் எங்கள் குடும்பத்தில் பெரும் மனவருத்தம் ஏற்பட்டுள்ளது. தயவுகூர்ந்து ஆவன செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.'

ஜோசலின் படித்துவிட்டு, "முதியோர் பென்ஷன் கேக்கறியா?" என்றாள்.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. எழுதினவர் ஆபேல் என்று தூத்துக்குடிக்காரர். 'நானும் நண்பர்களும் நீங்கள் சொன்ன வாக்கியத்தை அப்படியே அடித்துப் பார்த்தோம். எங்களிடம் "இருந்தார்" என்றே சரியாக வருகிறது.' மனுவின் தலையில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது: 'திரும்ப வரவைக்க முடியவில்லை.'

போச்சுடா, இவர்களும் நம்பவில்லை என்று ஜீவிதா பக்கத்தை மூடப் போனாள். கீழே இன்னும் கொஞ்சம் இருந்தது. 'நீங்கள் பொய் சொல்வதாக நாங்கள் நினைக்கவில்லை. ஆனால் கண்ணால் பார்க்காத பிழையை எங்களால் திருத்த முடியாது. நீங்கள்தான் அதை மறுபடியும் வரவைத்துக் காட்ட வேண்டும். என்ன போன், எந்தப் பதிப்பு, எந்த எழுத்துக்குப் பின் எந்த எழுத்து, எல்லாம் வேண்டும். அன்று செய்ததையே செய்துபாருங்கள்.'

பொய் சொல்வதாக நினைக்கவில்லை! முகம் தெரியாத ஒரு தூத்துக்குடிக்காரர் சொன்ன இந்த வார்த்தையை அவள் வீட்டு ஆட்கள் ஒருவர்கூடச் சொல்லவில்லை. அதற்காகவே அந்தப் பிழையைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று இருந்தது அவளுக்கு.

வீட்டுக்கு வந்து சோபாவில் சம்மணமிட்டு உட்கார்ந்து தட்டினாள். 'இருந்தார்.' சரியாக வந்தது. மறுபடி தட்டினாள். சரியாக வந்தது. வேகமாக, மெதுவாக, ஒற்றைக் கையால், கண்ணை மூடிக்கொண்டு, எப்படித் தட்டினாலும் சவுரிமுத்து உயிரோடுதான் இருந்தார். பென்னி டி.வி.யில் பொத்தானை அமுக்கிச் சேனல் மாற்றிவிட்டு வந்து பார்த்தான்.

"வுடு ஜீவி. அக்கா ரெண்டு மாசத்துல மறந்துடும்."

"அது மறக்கும். நான் மறக்க மாட்டேன்."

நாள் போகப்போக அவளுக்கே பயம் வந்துவிட்டது. கீபோர்டு சரியாகத்தான் இருக்கிறதென்றால்? விரல்தான் அப்படி அடித்ததென்றால்? அக்கா சொன்னது நிஜமாக இருந்து, தனக்கே தெரியாமல் உள்ளே அப்படி ஒரு நினைப்பு இருந்திருந்தால்? பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்ல வேண்டிய பாவமா இது, சொல்ல வேண்டாததா என்றுகூட யோசித்தாள். மாதா படத்துக்குப் பின்னால் துடைக்கும்போது அரைப் பாக்கெட் மிக்சர் கிடைத்தது. தூக்கிப்போட மனம் வரவில்லை, அங்கேயே வைத்துவிட்டாள்.

ஒரு வியாழக்கிழமை காலை ரயிலில் நல்ல கூட்டம். பென்னி அவளுக்குத் தனியாக ஒரு செய்தி போட்டிருந்தான். நேற்று சாயங்காலம் நீ சிட்லபாக்கம் பக்கம் போனாயே, அப்பாவைப் பார்த்தாயா என்று. பார்த்திருந்தாள், ஜான்சி வீட்டு எதிர்ச்சாரியில் நின்று, உள்ளே போகாமல். கம்பியைப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலால் தட்டி, வழக்கம்போல் கடைசியில் ஒரு இடைவெளியும் விட்டாள். அனுப்பப் போனவள் வரியைப் பார்த்தாள்.

'வாசலில் உட்கார்ந்து இறந்தார்.'

"வந்துடுச்சு!" என்று கத்திவிட்டாள். பெண்கள் பெட்டி மொத்தமும் திரும்பியது. பூக்கூடையோடு கீழே உட்கார்ந்திருந்த, தினமும் கூட வருகிற கங்கையம்மாள், "இன்னாம்மா, ஸ்டேஷனா?" என்று எழுந்தாள்.

ஜீவிதா அந்த ஒரு சொல்லை மட்டும் அழித்து, இந்த முறை விரல் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே மறுபடி தட்டினாள். அப்போதுதான் புரிந்தது. அவள் 'இருந்தார்' என்று தட்டவே இல்லை. வாயில் எப்படி வருமோ அப்படி, 'இர்ந்தாரு' என்று தட்டியிருந்தாள்.

தாம்பரத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு அப்படித்தானே வரும்? அவசரத்தில் யார் இலக்கணம் பார்க்கிறார்கள்? ஆனால் மனு எழுத உட்கார்ந்ததும் கை தானாக 'இருந்தார்' என்று திருத்தி எழுதிவிட்டது. பொய் சொல்லும் நினைப்பே இல்லை. பெரிய மனிதர்களுக்கு எழுதும்போது வீட்டில் பேசுகிற மாதிரியா எழுதுவார்கள்? நம் ஊரில் யாரைக் கேட்டாலும் இப்படித்தான். 'அவன் என்ன சொன்னான்' என்று கேட்டுப்பாருங்கள்; அவன் சொன்னதை எழுதித் தரச் சொன்னால், அவன் வாயிலேயே வராத தமிழில் எழுதித் தருவோம். சோபாவில் உட்கார்ந்து தட்டிப் பார்த்ததெல்லாம் அந்தத் தமிழைத்தான். ஆபேலும் தூத்துக்குடியில் அதையேதான் தட்டிப் பார்த்திருக்கிறார்.

அன்று எழுதியதில் அனுப்புநரும் இல்லை, பெறுநரும் இல்லை. 'மன்னிக்கணும் சார். நான் உண்மையில் தட்டினது "இர்ந்தாரு". அதுக்கப்புறம் ஒரு இடைவெளி. இடைவெளி விட்டதும் மாறுது. விடலைன்னா மாறலை. இப்ப தட்டிப் பாருங்க.'

சாப்பாட்டு வேளைக்குள் பதில் வந்துவிட்டது. 'வந்துவிட்டது! என் போனிலும் இறந்துவிட்டார்!' மஞ்சள் சீட்டை எடுத்துவிட்டுச் சிவப்புச் சீட்டு ஒட்டியிருந்தார்கள்: 'உறுதியான பிழை.' காரணத்தையும் ஆபேல் எழுதியிருந்தார். கீபோர்டுக்குச் சொற்களைச் செய்தித்தாள்களிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். பேச்சுச் சொல் வந்தால் அதற்குத் தெரியாது; பக்கத்தில் இருக்கிற ஏதோ ஒன்றாக மாற்றிவிடும். சின்ன ர, பெரிய ற குழப்பம் எல்லோருக்கும் வருவது என்பதால் அதையும் தானே சரிசெய்யட்டும் என்று விட்டிருந்தார்கள். செய்தித்தாளில் தினமும் யாராவது இறந்துகொண்டேதான் இருக்கிறார்கள் என்பதால் இதுவும் அதையே எடுத்துக்கொண்டது. கடைசியில் ஒரு வரி: 'உங்கள் ஊர்ப் பேச்சில் இன்னும் சோதித்துச் சொல்வீர்களா? எங்களிடம் சென்னைக்காரர் யாரும் இல்லை.'

இப்படித்தான் ஜீவிதா சோதனைக்காரி ஆனாள். சம்பளம் இல்லை, சான்றிதழ் இல்லை. தாம்பரத்துக்கும் பல்லாவரத்துக்கும் நடுவில் ரயிலில் நிற்கிற நேரம்தான் வேலை நேரம். புதிதாகத் திருத்திய பதிப்பை அவளுக்கு முன்கூட்டியே அனுப்பிவைப்பார்கள். அதில் அவள் பெட்டியில் காதில் விழுகிறதையெல்லாம் தட்டுவாள். 'வந்துகினு கீறேன்' என்று தட்டினால் 'வந்து கிணறு கீரை' என்று வந்தது. ஜோசலினிடம் காட்டியபோது அவள் சிரித்த சிரிப்பில் ரத்தம் கொடுக்க வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எதைத் தட்டினேன், எது வந்தது, எது வர வேண்டும் என்று மூன்று வரி எழுதுவதற்குக் கை பழகிவிட்டது. தப்பு வந்தால் சந்தோஷப்படுகிற வேலை உலகத்திலேயே இது ஒன்றுதான் போலிருக்கிறது என்று பென்னியிடம் சொன்னாள்.

'இர்ந்தாரு' திருந்திவிட்டது. புதிய பதிப்பு எல்லோருக்கும் வந்தது. பென்னி போனிலும், கூடுவாஞ்சேரிச் சித்தப்பா போனிலும் தானே உட்கார்ந்து போட்டுக் கொடுத்தாள். ஜான்சிக்கு மட்டும் போட முடியவில்லை. பேச்சுவார்த்தையே இல்லையே, போனை எப்படி வாங்குவது? ஆபேல் எழுதின விளக்கத்தை அப்படியே அவளுக்கு அனுப்பி, 'அக்கா, இதைப் படியுங்கள்' என்று போட்டாள். இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. தம்பி பென்னியிடம் மட்டும், "தப்பு செஞ்சா தப்புன்னு ஒத்துக்கணும். மெஷின் மேல பழி போடக் கூடாது" என்று சொன்னாளாம்.

இப்படியிருக்க, ஒரு சனிக்கிழமை முற்பகல் குழுவில் ஜான்சியின் செய்தி வந்தது. 'காலையில் நடைப்பயிற்சிக்குச் சென்ற அப்பா இன்னும் வீடு திரும்பவில்லை. யாரிடமாவது பேசினாரா?' அலமாரியைத் திறக்கப் போன ஜோசலின், ஜீவிதாவின் பைக்குள் போன் விடாமல் அடிப்பதைக் கேட்டு எடுத்துப் பார்த்துவிட்டு, கவுண்டரில் இருந்த ஜீவிதாவிடம் வந்து சொன்னாள். பில் போட்டுக்கொண்டிருந்ததை அப்படியே அவளிடம் விட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு ஜீவிதா ஸ்டேஷனுக்கு ஓடினாள். சர்க்கரைக்காரர். வெயில் வேறு. எங்கேயாவது மயங்கி விழுந்திருந்தால்? ரயிலில் உட்கார இடம் இருந்தும் கதவோரமே நின்றாள். சிட்லபாக்கத்துக்குக் கிட்ட இருக்கிற சானடோரியத்தில் இறங்கிப் படியேறும்போது போன் அதிர்ந்தது.

'அப்பா ஏரிக் கரையில் தான் இறந்தார்.'

அந்தப் பிழையைப் பற்றி இந்தத் தமிழ்நாட்டிலேயே அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. எந்த எழுத்துக்கு அப்புறம் எங்கே மாறும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆனாலும் படித்த கணத்தில் அது ஒன்றும் கைகொடுக்கவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மாமா, மாமா என்று வாய்விட்டு அழுதாள். இறங்கிப் போகிறவர்கள் ஒதுங்கிப் போனார்கள். ஜான்சிக்கு அடித்தாள்.

"அக்கா... மாமா..."

"உங்க மாமாவா? கீறாரு, கீறாரு! ஏரியாண்ட பெஞ்சில குந்திகினு எவன்கிட்டயோ கிரிக்கெட் பேசிகினு கீறாரு இந்த மனுஷன். நான் தெருத்தெருவா அலஞ்சி பேஜாராயிட்டேன்!" தமிழ் டீச்சர் மூச்சு வாங்கக் கத்தினாள். இத்தனை நாள் பேசாமல் இருந்தது அவளுக்கு ஞாபகமே இல்லை.

ஜீவிதாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "நீங்க குரூப்புல போட்டத பாருங்கக்கா" என்றாள்.

ஜான்சி போனைக் காதிலிருந்து எடுத்துக் குழுவைத் திறந்தாள் போலிருக்கிறது.

"ஐயோ, யேசுவே... நான் இர்ந்தாருன்னுதான்டி போட்டேன்!"

"தெரியும்க்கா."

"அப்புறம் ஏன்டி அழுவுற? அது புளுகுதுன்னு உனக்குத்தான் தெரியுமே."

"தெரியும்க்கா. தெரிஞ்சும் கால் நிக்கல."

ஜான்சி அழுகிற சத்தம் வந்தது. "எனக்கும் அன்னிக்கு அப்டித்தான்டி இருந்துச்சு" என்றாள் கடைசியில். "நீ போய் அப்பாவ அப்டி நெனப்பியா? நான் ஒரு பைத்தியக்காரி. எங்க கீற நீ?"

"சானடோரியம் ஸ்டேஷன் படியில."

"அங்கயே இரு. வரேன்."

ஆட்டோவில் அப்பாவையும் இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தாள். படியில் ஜீவிதாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்தாள். பென்னிக்கும் கூடுவாஞ்சேரிக்கும் ஜீவிதா போன் போட்டு, மாலை வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். சவுரிமுத்து அவர்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பொண்ணும் மருமவளுமா ரெண்டு தபா என்ன சாவடிச்சிட்டீங்க. நெஜமா போற அன்னிக்கு ஒருத்தனும் நம்ப மாட்டான், ஐஸ் பெட்டியும் வராது" என்றார்.

ஜான்சி சிரித்துக்கொண்டே தன் போனை நீட்டினாள். "அந்தப் புதுசு என்னமோ இருக்காமே, அதப் போட்டுக் குடு." ஜீவிதா வாங்கினாள். ஆனால் புதிய பதிப்பைப் போடுவதற்கு முன்னால், ஜான்சியின் அந்தச் செய்தியைப் படம் எடுத்து ஆபேலுக்கு அனுப்பினாள். பழைய பதிப்பு, வேறு போன், வேறு ஆள், அதே பிழை. சோதனைக்காரிக்கு இப்படி ஒரு சாட்சி லேசில் கிடைக்குமா? ஆபேல் உடனே கேட்டிருந்தார்: 'அருமை. உறுதி செய்தவர் பெயரையும் போடலாமா?'

"உங்க பேரப் போடலாமான்னு கேக்கறாருக்கா. போடட்டுமா?"

ஜான்சி கொஞ்சம் யோசித்தாள்.

"பேரு போட்டுக்கோ" என்றாள். "தமிழ் டீச்சர்னு மட்டும் போட்டுடாத."